ஜூலியா இராபின்சன்: வாழ்வும் கணிதமும்

தோற்றுவாய்

தன்வரலாறு என்னும் இலக்கிய வகையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர் ஒரு வினாவை எழுப்புவதுண்டு. ஒருவர் தம் வாழ்வைத் தாமே எழுதினால்தான் அது தன்வரலாறாகுமா? அவர் சொல்லப் பிறர் எழுதினால் அதனை எவ்வகையில் அடக்குவது? இவ்வினாவுக்கு விடை தேடிச் சென்றபோது நம் கைக்குக் கிடைத்த நூலொன்று, இலக்கிய வகை பற்றிய ஐயத்தை ஒருபுறம் நிறுத்திவிட்டு நம்மை வேறொரு துறைக்கே இழுத்துச் சென்றுவிட்டது. அது அமெரிக்கக் கணித அறிஞர் ஜூலியா இராபின்சன் அம்மையாரின் தன்வரலாறு. அதில் 'நான்' என்று பேசுபவர் ஜூலியா. எழுதியவரோ அவருடைய தமக்கை கான்ஸ்டன்ஸ் ரீட்.

தமிழ்த்துறை மலரில் கணிதவியலார் ஒருவருக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். எண்ணையும் எழுத்தையும் வள்ளுவர் இணைத்தே பேசினார் என்பதை மேடைதோறும் சொல்லி வருகிறோம். ஆயினும் எழுத்தைக் கற்பிக்கும் நாம் எண்ணின் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அக்குறையை ஓரளவேனும் நீக்கிக்கொள்ளும் முயற்சியாக இக்கட்டுரையைக் கொள்ளலாம். கணிதத்தில் நாம் வல்லுநர் அல்லோம். எனினும் ஒருவர் ஒரு வினாவைத் தம் நெஞ்சில் ஏந்தி இருபத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்த வரலாற்றை உணர்வதற்கு வல்லமை வேண்டியதில்லை என்று துணிந்தோம்.

இளமையும் நோயும்

ஜூலியா 1919ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 8ஆம் நாள் மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். இரண்டு வயதில் தாயை இழந்தார். தந்தையார் மறுமணம் செய்துகொண்டபின் குடும்பம் அரிசோனாப் பாலைநிலத்தில் சில காலமும், பின்னர்க் கலிபோர்னியாவின் சான் டியேகோவிலும் வாழ்ந்தது. அரிசோனாவில் ஓங்கி நின்ற சகுவாரோக் கள்ளியொன்றின் நிழலில் கூழாங்கற்களை வரிசையாக அடுக்கியதுதான் அவருடைய முதல் நினைவாம். எண்களின் மீது தமக்கிருந்த பற்று அக்கற்களிலேயே தொடங்கியது என்று அவர் கருதினார்.

மற்றொரு செய்தியும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. குழந்தைப் பருவத்தில் ஜூலியாவுக்குப் பேச்சு தாமதமாகவே வந்தது. வந்த பேச்சும் பிறருக்கு விளங்கவில்லை. இரண்டு வயது மூத்தவரான கான்ஸ்டன்ஸ் மட்டுமே தங்கையின் மழலையை உணர்ந்து மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லுவார். இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஒன்பதாம் வயதில் செங்காய்ச்சலும், அதனைத் தொடர்ந்து இதயத்தைத் தாக்கும் வாதக் காய்ச்சலும் அவரைப் பற்றின. நோய் எதிர்ப்பு மருந்துகள் வழக்கிற்கு வராத காலம் அது. ஓராண்டுக் காலம் ஒரு செவிலியின் இல்லத்தில் படுக்கையிலேயே கிடந்தார். பள்ளிப் படிப்பில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழப்பு நேர்ந்தது. பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வாரத்தில் மூன்று காலை வேளைகள் பாடம் சொல்லிக்கொடுக்க, ஐந்து முதல் எட்டு வரையிலான வகுப்புப் பாடங்கள் முழுவதையும் ஒரே ஆண்டில் அவர் கற்று முடித்தார். அந்த ஆசிரியை ஒருநாள், இரண்டின் வர்க்கமூலத்தைத் தசமத்தில் எவ்வளவு தொலைவு எழுதிக்கொண்டு போனாலும் இலக்கங்கள் மீண்டும் மீண்டும் அதே வரிசையில் சுழன்று வருவதில்லை என்றார். முடிவே இல்லாத ஒன்றைப் பற்றி இவ்வளவு உறுதியாக எவரால் கூற முடியும் என்று சிறுமி வியந்தாள். வீட்டிற்குச் சென்று, புதிதாகக் கற்றிருந்த வர்க்கமூல முறையைக் கொண்டு பிற்பகல் முழுவதும் கணக்கிட்டுப் பார்த்தாள். மாலையில் கைவிட்டாள். ஆசிரியர் கூறியதை ஏற்றுக்கொண்டு எழுதிவைக்கும் மாணவரே மிகுதி. பொய்யாகுமோ என்று வீட்டில் போய்ச் சோதித்துப் பார்க்கும் மாணவர் அரியர். அத்தகைய ஒருவரை வகுப்பில் காணும்போது நமக்கு ஏற்படும் மகிழ்ச்சியை ஆசிரியப் பெருமக்கள் அறிவர்.

உயர்நிலைப் பள்ளியில் மேல்நிலைக் கணிதமும் இயற்பியலும் பயின்ற வகுப்புகளில் அவர் ஒருவரே பெண். 1936இல் பள்ளிப் படிப்பை முடித்துச் சான் டியேகோ அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். பொருளாதாரப் பெருமந்தத்தில் சேமிப்பு அனைத்தையும் இழந்த தந்தையார் 1937இல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அத்துயரினூடேயும் படிப்பு நிற்கவில்லை. 1939இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற்கு மாறினார். அங்கே எண் கோட்பாடு கற்பித்தவர் இரஃபேல் இராபின்சன். ஆசிரியரும் மாணவியும் மாலை வேளைகளில் கணிதம் பேசிக்கொண்டே நடந்தனர். 1941 திசம்பரில், முத்துத் துறைமுகத் தாக்குதல் நிகழ்ந்த சில வாரங்களில் திருமணம் நடைபெற்றது.

பேராசிரியரின் மனைவி

ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருவர் ஒரு துறையில் பணியாற்றக் கூடாது என்பது அப்பல்கலைக்கழகத்தின் விதி. கணவர் கணிதத் துறையில் இருந்தார். ஆகவே மனைவிக்குக் கணிதத் துறையில் இடமில்லை. சலுகை காட்டுதலைத் தடுக்க எழுந்த விதிதான். ஆனால் அதன் சுமை பெரும்பாலும் மனைவியர் தோள்களிலேயே விழுந்தது. ஜூலியா புள்ளியியல் அறிஞர் நெய்மனின் ஆய்வகத்தில் சில காலம் பணியாற்றினார். நாள்தோறும் என்ன பணி செய்கிறீர் என்று அலுவலகம் எழுதிக் கேட்டபோது அவர் தந்த பட்டியல் கணித உலகில் பெரிதும் பேசப்படுவது. திங்கள் முதல் வியாழன் வரை ஒவ்வொரு நாளும் ஒரு தேற்றத்தை நிறுவ முயன்றதாகவும், வெள்ளிக்கிழமை அத்தேற்றம் பொய்யென்று தெரிந்ததாகவும் அவர் குறித்திருந்தார். ஆய்வுப் பணியின் இயல்பை இதைவிடச் சுருக்கமாக எவரும் கூறியதாக நாம் அறியோம்.

தாய்மை அடையும் பேற்றை அவர் பெரிதும் விரும்பினார். கருவுற்ற நிலையில் கருவை இழந்தார். அப்போது மருத்துவர், பழைய காய்ச்சலால் இதயத்தில் வடு ஏற்பட்டிருப்பதைக் கண்டு, இனிக் கருவுறல் கூடாது என்று தடுத்தார். நாற்பது வயது வரை உயிருடன் இருந்தால் அதுவே பெரிது என்று தாயாரிடம் கூறியதாகவும் தெரிகிறது. மனம் தளர்ந்திருந்த மனைவியைக் கணவர்தாம் மீண்டும் கணிதத்தின் பக்கம் திருப்பினார். போலந்து நாட்டிலிருந்து வந்திருந்த அளவையியல் பேரறிஞர் ஆல்ஃபிரட் டார்ஸ்கியின் வழிகாட்டுதலில் 1948இல் ஜூலியா முனைவர் பட்டம் பெற்றார். பின்ன எண்களின் உலகில், கூட்டலையும் பெருக்கலையும் மட்டுமே கருவியாகக் கொண்டு, முழு எண்கள் எவை என்று வரையறுத்துவிட முடியும் என்பது அவ்வாய்வேட்டின் முடிவு. அதன் விளைவாக, பின்ன எண்களைப் பற்றிய கூற்றுகள் யாவற்றையும் மெய்யா பொய்யா என்று தீர்த்துவைக்கும் பொதுமுறை ஏதும் இருக்க இயலாது என்பது தெளிவாயிற்று. ஆய்வேட்டை முடித்துப் பட்டம் பெற்றபின் பேழைக்குள் வைத்துப் பூட்டிவிடுவோர் நம் துறையில் பலர்; எம்.ஃபில். ஏட்டோடு நின்றுவிட்ட நாமும் அவருள் அடக்கம். ஜூலியாவுக்கோ ஆய்வேடு தொடக்கமாக அமைந்தது.

பத்தாம் வினா

1900ஆம் ஆண்டு செருமானியக் கணித மேதை டேவிட் ஹில்பர்ட் புதிய நூற்றாண்டுக்கு 23 வினாக்களை விடுத்தார். அவற்றுள் பத்தாவது இது: முழு எண்களாலான சமன்பாடு ஒன்றைக் கொடுத்தால், அதற்கு முழு எண்களில் தீர்வு உண்டா இல்லையா என்று வரம்புக்குட்பட்ட படிகளில் சொல்லிவிடும் பொதுமுறை ஒன்றைக் காண்க.

இவ்வினாவின் அருமையை உணர ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஓர் எண்ணின் வர்க்கம், வேறோர் எண்ணின் வர்க்கத்தைப் போல் 61 மடங்கும் அதனோடு ஒன்றும் சேர்ந்ததாக இருக்க வேண்டும். அத்தகைய எண்கள் உளவா? பள்ளிப் பிள்ளை ஒன்று, இரண்டு, மூன்று என்று முயன்று பார்த்தால் ஆயுள் போதாது. மிகச் சிறிய தீர்வே 1,76,63,19,049 என்பதும் 22,61,53,980 என்பதுமாகும். 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் இதனைக் கண்டு கூறியிருக்கிறார்; அவருக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே பிரம்மகுப்தர் இவ்வகைச் சமன்பாட்டுக்கு வழி வகுத்தார். ஐரோப்பியர் இதற்குப் பெல் என்பவரின் பெயரைத் தவறுதலாகச் சூட்டிவிட்டனர். இப்படி ஒவ்வொரு வகைச் சமன்பாட்டுக்கும் ஒவ்வொரு மேதை வந்து வழி கண்டாக வேண்டுமா, அல்லது எல்லாவற்றுக்கும் ஒரே திறவுகோல் உண்டா என்பதே ஹில்பர்ட்டின் கேள்வி.

இத்தகைய சமன்பாடுகளை ஆராய்ந்த பண்டைய அறிஞர் அலெக்சாந்திரியாவின் தயோபாந்தஸ். அவர் நூலை ஒன்பதாம் நூற்றாண்டில் குஸ்தா இப்னு லூக்கா அரபு மொழியில் பெயர்த்தார். மூலக் கிரேக்கத்தில் மறைந்துபோன பகுதிகள் சில அந்த அரபுப் பெயர்ப்பில்தான் எஞ்சியிருந்து 20ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்டன. ஹில்பர்ட் கேட்ட படிமுறையை இன்று 'அல்காரிதம்' என்கிறோம். அச்சொல் பாக்தாது நகரில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மீயின் பெயரிலிருந்து பிறந்தது என்பதையும், அவருடைய நூற்பெயரிலுள்ள 'அல்-ஜப்ர்' என்பதே 'அல்ஜீப்ரா' ஆயிற்று என்பதையும் நம் மாணவர் அறிந்திருத்தல் நன்று.

எந்தப் படிமுறையாலும் தீர்க்கவொண்ணாத வினாக்கள் உண்டு என்று 1936இல் சர்ச்சு, டூரிங் ஆகிய இருவரும் தனித்தனியே காட்டினர். அதன்பின் ஹில்பர்ட்டின் பத்தாம் வினாவுக்கும் 'அத்தகைய முறை இல்லை' என்பதே விடையாகலாம் என்ற ஐயம் வலுப்பட்டது. ஆனால் ஒன்று இல்லை என்று எவ்வாறு நிறுவுவது?

1948 அளவில் டார்ஸ்கி ஒரு சிறு வினாவை எழுப்பினார். 2, 4, 8, 16 என்று வளரும் இரண்டின் அடுக்குகளை ஒரு சமன்பாட்டின் தீர்வுகளாகக் காட்ட முடியாது என்று நிறுவ இயலுமா என்பது அது. இதனைக் கணவர் வாயிலாகக் கேட்ட ஜூலியா, முடியும் என்ற எதிர்ப்பக்கத்தில் நின்று முயன்றார். முழுமையாக வெல்லவில்லை. ஆயினும் 1952இல் வெளியிட்ட கட்டுரையில் வழியைக் காட்டிவிட்டார். மும்மடங்கு வர்க்கத்தோடு ஒன்று சேர்ந்த எண்களைக் காணுமாறு பெல் சமன்பாட்டை எழுதினால் அதன் தீர்வுகள் 2, 7, 26, 97 என்று தாவித்தாவி வளர்கின்றன. ஒவ்வொன்றும் முந்தியதைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. இவ்வாறு அடுக்கடுக்காக விரையும் வளர்ச்சியைத் தீர்வுகளுக்கு இடையிலான உறவாகவே கொண்ட சமன்பாடு ஒன்றேனும் கிடைத்துவிட்டால், எல்லா அடுக்குகளையும் கூட்டலாலும் பெருக்கலாலும் கூறிவிடலாம் என்பது அவர் கண்ட உண்மை. அப்படி ஒன்று உண்டு என்ற ஊகத்தை அவர் பெயரின் முதலெழுத்துகளால் 'ஜே. ஆர்.' கருதுகோள் என்று பிறர் வழங்கலாயினர்.

1959இல் மார்ட்டின் டேவிஸ், ஹிலரி புட்னம் என்னும் இருவர் அடுக்குகளும் இடம்பெறும் சமன்பாடுகளுக்குப் பொதுமுறை இல்லை என்று ஏறத்தாழ நிறுவினர். 'ஏறத்தாழ' என்றது, பகா எண்களைப் பற்றி அன்று நிறுவப்படாத ஒரு கூற்றை அவர்கள் துணைக்கொண்டிருந்தமையால். அக்கூற்று மெய்யென நிறுவப்பட்டதே 2004இல்தான். கையெழுத்துப் படி தமக்கு வந்தபோது, ஜூலியா அத்துணையே வேண்டாத வகையில் நிறுவலைத் திருத்தி எளிமையாக்கித் தந்தார். மூவர் பெயரிலும் 1961இல் கட்டுரை வெளிவந்தது. இனிக் குறை ஒன்றே: அந்த ஒரு சமன்பாடு. அது உண்டா என்று கேட்டவர்களிடம், உண்டு, அதனை அறிவார்ந்த இளம் உருசியர் ஒருவர் கண்டுபிடிப்பார் என்று டேவிஸ் வேடிக்கையாகக் கூறி வந்தாராம்.

அதே 1961இல் ஜூலியாவுக்கு இதய அறுவை மருத்துவம் நடைபெற்றது. அதுவரை மாடிப்படி ஏறவும் மூச்சிரைத்தவர், அதன்பின் மிதிவண்டி வாங்கி ஊர் சுற்றத் தொடங்கினார். நாற்பதைக் கடந்துவிட்டார், ஆனால் சமன்பாடு கிட்டவில்லை. ஒரு கட்டத்தில் தம் ஊகமே தவறோ என்று எண்ணி எதிர்த்திசையிலும் முயன்று பார்த்தார். ஆண்டுதோறும் பிறந்தநாள் கேக்கின் மெழுகுவத்திகளை ஊதி அணைக்கையில் அவர் நினைத்துக்கொண்ட வேண்டுதல் ஒன்றே. பத்தாம் வினாவின் விடை தெரிய வேண்டும். தாமே காண வேண்டும் என்பதில்லை, எவரேனும் கண்டால் போதும். விடை அறியாமல் இறக்க மட்டும் மனமில்லை.

இதனைத் துறவு மனப்பான்மை என்று சிலர் புகழ்வதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. அவர் தாமே காண விரும்பினார். அதற்காக இரண்டு பத்தாண்டுகள் உழைத்தார். ஆனால் விடையின் மீதிருந்த வேட்கை, அதனைத் தமதாக்கிக்கொள்ளும் வேட்கையினும் பெரிதாக இருந்தது. இவ்விரண்டும் ஒருவரிடமே இருத்தல் அரிது.

இலெனின்கிராடு இளைஞர்

யூரி மாத்தியாசெவிச் 1947இல் பிறந்தவர். மாணவப் பருவத்திலேயே பத்தாம் வினாவில் இறங்கித் தோல்வியுற்று, இனி அதன் பக்கம் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தார். 1969ஆம் ஆண்டு இறுதியில் ஜூலியாவின் புதிய கட்டுரை ஒன்று வந்திருப்பதாக நண்பர் கூறியபோதும் அவர் படிக்க விரும்பவில்லை. திறனாய்வுக் குறிப்பு எழுதுமாறு அக்கட்டுரையே அவர் கைக்கு வந்து சேர்ந்தது. படித்தார், அதிலிருந்த புதிய கருத்தொன்று அவரை மீண்டும் பற்றிக்கொண்டது. 1970 சனவரியில், 22ஆம் வயதில், 1, 1, 2, 3, 5, 8 என முந்திய இரண்டின் கூட்டாக வளரும் பிபோனாச்சி எண்களைக் கொண்டு, ஜூலியா தேடிய சமன்பாட்டை அமைத்துவிட்டார். குறிலையும் நெடிலையும் கொண்டு மாத்திரைகளை நிரப்பும் வகைகளை எண்ணியபோது, பிபோனாச்சிக்கு முன்னரே வடமொழி யாப்பியலார் இவ்வெண்களைக் கண்டிருந்தனர் என்பது யாப்பு கற்பிக்கும் நமக்குச் சுவையான செய்தி.

பிப்ரவரி நடுவில் டேவிஸ் தொலைபேசி வழியே ஜூலியாவுக்குச் செய்தி சொன்னார். நோவோசிபிர்ஸ்க் நகரில் நடந்த ஒரு சொற்பொழிவைக் கேட்டுக் குறிப்பெடுத்திருந்த கணிப்பொறி அறிஞர் ஜான் மெக்கார்த்தி அக்குறிப்புகளை அனுப்பினார். சில வரிகளே, அவற்றிலிருந்து ஜூலியா முழு நிறுவலையும் தாமே எழுப்பிக்கொண்டார். உடனே இளைஞருக்கு மடல் எழுதினார். தாம் அவ்வூகத்தை முதலில் கூறியபோது நீர் கைக்குழந்தை. நீர் வளர்ந்து வரும்வரை நான் காத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவே என்ற பொருள்பட அம்மடல் அமைந்தது.

மடல் எழுதியவருக்கு அப்போது வயது ஐம்பது. கருதுகோள் அவருடையது, வழி அவர் காட்டியது, கடைசி அடியை மட்டும் வேறொருவர் எடுத்து வைத்தார். ஒரு பாடலுக்கு முதலில் உரை கண்டவர் யார், ஒரு சொல்லை முதலில் ஆண்டவர் யார் என்று நம் ஆய்வரங்குகளில் எழும் பூசல்களைக் கண்டு சலித்தவர்கள் இம்மடலை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

அமெரிக்காவும் சோவியத்து நாடும் பகைமை பாராட்டிய காலம் அது. கடிதம் போய்ச் சேரவே வாரங்கள் ஆகும். எனினும் 1971இல் இராபின்சன் இணையர் இலெனின்கிராடு சென்று இளைஞரைக் கண்டனர். இருவரும் கடிதங்கள் வாயிலாகவே ஆய்வை நடத்தி, எத்துணைக் கடினமான சமன்பாட்டையும் 13 மாறிகளுக்குள் அடக்கலாம் என்று 1975இல் வெளியிட்டனர். பின்னர் மாத்தியாசெவிச் அதனை ஒன்பதாகக் குறைத்தார். ஜூலியாவின் பெயரையும் அதில் சேர்க்க விரும்பினார். அதில் தம் பங்கு இல்லை என்று அவர் மறுத்துவிட்டார்.

காலந்தாழ்ந்த பெருமைகள்

1976இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்திற்கு ஜூலியா உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கணிதப் பிரிவில் அப்பெருமை பெற்ற முதற்பெண் அவரே. செய்தியறிந்த பல்கலைக்கழகச் செய்தி அலுவலகம், ஜூலியா இராபின்சன் என்பவர் யார் என்று கணிதத் துறையைத் தொலைபேசியில் கேட்டதாம். பேராசிரியர் இராபின்சனின் மனைவி என்பதே கிடைத்த விடை. அதன்பின்தான் பல்கலைக்கழகம் அவருக்கு முழுநிலைப் பேராசிரியர் பதவி வழங்கியது. உடல்நிலை கருதிக் கால்பங்குப் பணியே அவர் ஏற்றார். முனைவர் பட்டத்திற்கும் இப்பதவிக்கும் இடையே 28 ஆண்டுகள். அவ்விடைவெளியிலேதான் அவருடைய தலையாய பணிகள் யாவும் நிகழ்ந்தன. பதவி இல்லாமலே இவ்வளவு செய்தாரே என்று வியப்பவர் உளர். கற்பிக்கும் வாய்ப்பு இருந்திருப்பின் அவரிடம் பயின்றிருக்கக்கூடிய மாணவியர் எத்தனை பேர் என்று நாம் கேட்கிறோம். நம் வகுப்புகளில் முதல் மதிப்பெண் பெற்ற மாணவியர் பலரைப் பின்னாளில் யாருடைய மனைவி என்ற அளவிலேயே அறிய நேர்வதால் இவ்வினா நமக்கு எழுகிறது.

1983இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் முதற்பெண் தலைவரானார். உடல் வலிமையைக் கணிதத்திற்கென்றே சேமித்துவைக்கலாம் என்று கணவர் எண்ணினார். பெண்ணாகிய தமக்கு மறுக்கும் உரிமை இல்லை என்று கருதி ஜூலியா பதவியை ஏற்றார். அதே ஆண்டில் மெக்ஆர்தர் நல்கையும் வந்தது. ஆயினும், இதில் முதற்பெண் அதில் முதற்பெண் என்று பேசப்படுவதை அவர் விரும்பவில்லை; நிறுவிய தேற்றங்களாலும் தீர்த்த வினாக்களாலும் கணிதவியலார் என்றே அறியப்பட விரும்பினார். அவ்விருப்பத்திற்கு மாறாக நாமும் இவ்விரு பத்திகளை எழுதியிருக்கிறோம், அவர் பொறுத்தருள்வாராக.

1984ஆம் ஆண்டுக் கோடையில் கழகக் கூட்டமொன்றிற்குத் தலைமை தாங்கச் சென்ற இடத்தில் அவருக்கு இரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. தம்மைப் பற்றி எழுதப்படுவதை அதுகாறும் தவிர்த்தே வந்தவர் அவர். ஹில்பர்ட்டின் வாழ்க்கையை எழுதிப் புகழ்பெற்றிருந்த தமக்கை, தங்கையின் நோய்ப்படுக்கை அருகே அமர்ந்து, தங்கையே பேசுவதுபோல் எழுதத் தொடங்கினார். எழுத எழுதப் படித்துக் காட்டினார். ஜூலியா கேட்டுக்கொண்டிருந்து, வேண்டாதவற்றை நீக்கச் சொன்னார், பிழைபட்டவற்றைத் திருத்தினார். 1985 சூலை 30ஆம் நாள் அவர் மறைந்தார். மழலைப் பருவத்தில் தங்கையின் பேச்சைப் பிறருக்கு விளக்கிய அதே தமக்கை எழுதிய அந்தத் தன்வரலாறு, அடுத்த ஆண்டு வெளிவந்தது.